ஓன் ஆகாத றிசீவர்: கரண்ட் எதுவரை வந்து நிற்கிறது?

“அண்ணை, செட் செத்துப்போச்சு” என்று சொல்லித்தான் எல்லாரும் ஹோம் தியேட்டர் றிசீவரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சிவப்பு லைற் எரிகிறதா என்று கேட்டால் கவனிக்கவில்லை என்பார்கள். கிளிக் என்று சத்தம் வந்ததா என்று கேட்டால் அதுவும் தெரியாது. இந்த இரண்டு கேள்விக்கும் பதில் இருந்தால், பெட்டியின் மூடியைக் கழற்றாமலே பழுது எந்தப் பக்கம் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

காரணம் இதுதான். ஹோம் தியேட்டர் றிசீவர் ஒன்றுக்குள் இரண்டு பவர் சப்ளை இருக்கும். சின்னது பிளக்கைச் செருகிய நேரத்திலிருந்து வேலை செய்துகொண்டே இருக்கும். றிமோட்டையும் முன்பக்கப் பட்டனையும் கவனிக்கிற மைக்ரோ சிப்புக்கு 5 வோல்ற் அல்லது 3.3 வோல்ற் கொடுப்பது அதன் வேலை. பெரியது அந்தக் கனமான ரான்ஸ்போமர். நீங்கள் பட்டனை அழுத்தியதும் மைக்ரோ ஒரு றிலேயை, அதாவது கரண்டால் இயங்குகிற சுவிட்சை, இழுக்கும். அதுதான் முதல் கிளிக். அதன் பிறகுதான் பெரிய ரான்ஸ்போமருக்குக் கரண்ட் போகும். அடுத்த சில செக்கன்களில், வோல்ற்றேஜ்கள் சரியாக வந்தனவா, ஸ்பீக்கர் பக்கம் டி.சி. என்கிற நேர்மின்னோட்டம் கசிகிறதா, சூடு கூடவா என்று மைக்ரோ சோதிக்கும். எல்லாம் சரியென்றால் ஸ்பீக்கர் றிலேயை இழுக்கும், அது இரண்டாவது கிளிக்.

ஆக, லைற்றே இல்லையென்றால் பழுது சின்ன சப்ளையிலோ அதற்கு முன்னாலோ. லைற் இருந்து கிளிக் இல்லையென்றால் மைக்ரோ, பட்டன், அல்லது நலிந்துபோன சின்ன சப்ளை. ஒரு கிளிக் வந்து அணைந்தால் பெரும்பாலும் பாதுகாப்புச் சேர்க்கிற் தன் வேலையைச் செய்கிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ளவற்றில் உங்கள் செட்டின் அறிகுறிக்குப் போங்கள். ஆனால் அடுத்த பகுதியை மட்டும் எல்லாரும் வாசிக்க வேண்டும்.

எந்த நாட்டுச் செட்?

யாழ்ப்பாணத்தில் இந்தக் கேள்விதான் முதலில் வரவேண்டும். பாதி வீடுகளில் றிசீவர் கடையில் வாங்கியதாக இருக்காது. கனடாவிலிருக்கிற சித்தப்பா பெட்டியில் போட்டு அனுப்பியதாக இருக்கும், அல்லது நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த மச்சான் விட்டுப்போனதாக இருக்கும். லண்டன், சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே செட்டுகளால் பிரச்சினை இல்லை. அங்கேயும் இங்கேயும் கிட்டத்தட்ட ஒரே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்தான். கனடாவும் அமெரிக்காவும் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். ஜப்பான் இன்னும் குறைய, 100 வோல்ற்.

செட்டின் பின்பக்கத்தில், வயர் நுழைகிற இடத்துக்குப் பக்கத்தில் இது அச்சடித்திருக்கும். “120” என்று மட்டும் இருந்தால் அதை நேரே சுவர்ப் பிளக்கில் செருகக்கூடாது. “100 - 240” என்று இருந்தால் எங்கேயும் செருகலாம், சவுண்ட்பார்களும் சின்ன அம்பிளிபயர்களும் பெரும்பாலும் இப்படித்தான் வரும். கனமான றிசீவர்களில் இது அரிது. ஆசியச் சந்தைக்காகச் செய்த சில செட்டுகளில் பின்னால் வோல்ற்றேஜ் மாற்றுகிற சிறிய சுவிட்ச் ஒன்று இருக்கும். அது 110 பக்கம் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

சரி, 120 வோல்ற் செட்டை யாரோ ஏற்கெனவே செருகிவிட்டார்கள். இனி என்ன? மறுபடி செருகிப் பார்ப்பதை முதலில் நிறுத்துங்கள். செருகியவரிடம் ஒன்று கேளுங்கள்: பிளக்கில் போட்ட உடனேயே போனதா, அல்லது ஓன் பண்ணி டிஸ்பிளே வந்த பிறகு போனதா? போட்ட உடனேயே போயிருந்தால் பெரிய ரான்ஸ்போமர் தப்பியிருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது, ஏனென்றால் றிலே இன்னும் இழுக்கவே இல்லை, அதுவரை கரண்ட் போகவே இல்லை. சேதம் பியூஸ், சின்ன ரான்ஸ்போமர், அல்லது வாரிஸ்ரர் என்கிற வட்டச் சில்லு ஆகியவற்றோடு நின்றிருக்கும். இந்த வாரிஸ்ரர் மேலதிக வோல்ற்றேஜ் வந்தால் தான் சோர்ட் ஆகிப் பியூஸை ஊதவைத்து மற்றதைக் காப்பாற்றுவதற்காகவே வைக்கப்படுவது. சில செட்டுகளில் அதையும் பியூஸையும் மாற்றியதோடு உயிர் வந்துவிடும்.

ஓன் பண்ணிய பிறகு போயிருந்தால் மூக்கை மூடிக்குக் கிட்டக் கொண்டுபோங்கள். வார்னிஷ் கருகிய மணம் வந்தால் பெரிய ரான்ஸ்போமர் வெந்துவிட்டது. மணம் இல்லாவிட்டாலும், அதன் சுற்றுக்குள் புதைத்து வைத்திருக்கிற வெப்பப் பியூஸ் அறுந்திருக்கலாம். அந்த அளவு ரான்ஸ்போமரைத் தனியாகத் தேடி எடுப்பது பெரும் பாடு. பழைய செட்டென்றால் மனதைத் தேற்றிக்கொள்வதே நல்லது.

120 வோல்ற் செட்டை இங்கே பாவிக்க, வோல்ற்றேஜைக் குறைக்கிற ஸ்ரெப் டவுன் ரான்ஸ்போமர் வேண்டும். செட்டின் பின்னால் 400 வாற்று என்று இருந்தால் 500 வாற்று ஸ்ரெப் டவுன் போதும் என்று கணக்குப் போடாதீர்கள். ஓன் பண்ணுகிற கணத்தில் றிசீவர் இழுக்கிற கரண்ட் அதைவிடப் பல மடங்கு. மலிவான ஸ்ரெப் டவுன்களின் மேல் எழுதியிருக்கிற வாற்றும் அவ்வளவு நம்பக்கூடியதல்ல. 1000 வாற்று என்று எழுதியதை வாங்கினால் நிம்மதி. இன்னொன்று, வோல்ற்றேஜை 120 ஆக்கினாலும் ஹேர்ட்ஸ் 50 தான். 60 ஹேர்ட்ஸுக்கென்று சுற்றிய ரான்ஸ்போமர் 50 இல் கூடுதலாகச் சூடாகும், மெல்ல இரையவும் செய்யும். அதனால் அந்தச் செட்டுக்குக் காற்றோட்டம் இரட்டிப்பாகத் தேவை.

லைற்றும் இல்லை, சத்தமும் இல்லை

அதே பிளக் பொயின்றில் ஒரு மேசை விளக்கையோ போன் சார்ஜரையோ செருகிப் பாருங்கள். சொல்லவே வெட்கமான ஆலோசனைதான். ஆனால் எக்ஸ்ரென்சன் கோட் பழுதாகி, செட்டைச் சுமந்துகொண்டு ரவுணுக்குப் போய்வருகிற ஆட்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

அது எரிந்தால் செட்டின் பிளக்கைப் பாருங்கள். சதுரமுள் பிளக் என்றால் அதற்குள்ளேயே ஒரு பியூஸ் இருக்கிறது. றிசீவருக்கு 3 அல்லது 5 அம்பியர் பியூஸ் பொருத்தம், 13 அம்பியர் பியூஸ் கேத்திலுக்கும் அயன் பொக்ஸுக்கும் உரியது. பியூஸைக் கண்ணால் பார்த்து நல்லதென்று சொல்ல முடியாது, அது வெள்ளைப் பீங்கான். மல்ரிமீற்றரின் சத்தமிடும் நிலையில் வைத்து இரு முனையையும் தொடுங்கள், சத்தம் வந்தால் பியூஸ் நல்லது.

ஐரோப்பாவிலிருந்து வந்த இரண்டு முள் பிளக்கை, எர்த் ஓட்டைக்குள் பேனாவைக் குத்தித் திறந்து, சதுரமுள் பொயின்றுக்குள் திணிக்கிற பழக்கம் நம்மிடம் உண்டு. அந்த உருண்டை முள் அங்கே சரியாகப் பிடிக்காது. தொட்டும் தொடாமலும் நின்று பொறி பறக்கும், முள்ளில் கரி படியும். செட் சில நேரம் ஓன் ஆகிறது, சில நேரம் ஆகவில்லை, ஆட்டினால் வருகிறது என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். பிளக்கை வெட்டி, பியூஸ் உள்ள சதுரமுள் பிளக்காக மாற்றிவிடுங்கள்.

பிறகு வயர். கழற்றக்கூடிய வயரென்றால், அதே வடிவத்தில் கொம்பியூட்டருக்கோ வேறு றேடியோவுக்கோ இருப்பதை மாற்றிச் செருகிப் பாருங்கள். கழற்ற முடியாததென்றால் அலுமாரிக்குப் பின்னால் எலி கடித்திருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் பாருங்கள். சில செட்டுகளில் முன்பக்கமோ பின்பக்கமோ மெயின் சுவிட்ச் தனியாக இருக்கும். கூட்டித் துடைக்கும்போது கைபட்டு அது ஓஃப் ஆகியிருக்கலாம். எல்லா மொடலிலும் அது கிடையாது, ஆனால் யமஹாவின் சில பழைய செட்டுகளில் முன்னால் பெரிய பட்டனாகவே இருக்கும்.

இத்தனைக்கும் பிறகு லைற் வரவில்லையென்றால் பழுது உள்ளே.

உள்ளே கை வைக்கும் முன்

வயரைக் கழற்றிவிட்டேன், இனிப் பயமில்லை என்று நினைக்கக்கூடாது. பெரிய ரான்ஸ்போமருக்குப் பக்கத்தில் சோடாக் கான் அளவில் இரண்டு கப்பாசிற்றர் நிற்கும். 10,000 மைக்ரோ ஃபரட், 50 முதல் 70 வோல்ற் என்கிற அளவில் இருக்கும் அவை. பிளக்கைக் கழற்றிய பிறகும் அவற்றில் மின்சாரம் தேங்கியிருக்கும். சிலர் ஸ்குறூ டிறைவரால் இரண்டு காலையும் தொட்டுப் பட்டென்று வெடிக்கவைத்து வீரம் காட்டுவார்கள். அது கப்பாசிற்றரையும் கெடுக்கும், கண்ணிலும் தெறிக்கும். 100 ஓம், 10 வாற்று றெசிஸ்ரர் ஒன்றின் கால்களுக்கு நல்ல உறை போட்டு, கப்பாசிற்றரின் இரு காலுக்கும் குறுக்கே சில செக்கன் பிடியுங்கள். பிறகு மீற்றரை வைத்து 2 வோல்ற்றுக்குக் கீழே போய்விட்டதா என்று உறுதிசெய்யுங்கள்.

சில புதிய செட்டுகளில் சின்ன சப்ளை, மெயினில் நேரே பூட்டுகிற பழைய மாதிரி ரான்ஸ்போமர் இல்லாத சுவிச்சிங் வகை. அதன் முதல் கப்பாசிற்றரில் ஏறத்தாழ 325 வோல்ற் டி.சி. நிற்கும். அது ஆளைக் கொல்லக்கூடியது. மீற்றர் பிடித்துப் பழக்கமில்லாதவர் இந்த இடத்தோடு நிறுத்தி, தெரிந்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பியூஸ் சொல்கிற கதை

மெயின் வயர் வந்து சேருகிற பலகையில் கண்ணாடிப் பியூஸ் இருக்கும். கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். உள்ளே கம்பி நடுவில் மெல்ல அறுந்து, கண்ணாடி தெளிவாக இருந்தால், வயது போனதாலோ ஒரு கணம் கரண்ட் கூடியதாலோ அறுந்திருக்கலாம். கண்ணாடி முழுக்கக் கறுத்து வெள்ளி பூசியது போல் இருந்தால் உள்ளே எங்கோ பெரிய சோர்ட் இருக்கிறது. அப்படியானால் புதுப் பியூஸ் போட்டுப் பயனில்லை, அதுவும் ஊதிவிடும்.

சைக்கிள் டைனமோவைச் சுற்றி றேடியோவில் செய்தி கேட்ட சனம் நாங்கள், எதையும் சமாளித்துவிடலாம் என்ற துணிவு இரத்தத்தில் ஊறியிருக்கிறது. பியூஸ் விடயத்தில் மட்டும் அந்தச் சமாளிப்பு வேண்டாம். சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றுவது, செப்புக் கம்பியை வைத்து ஈயம் பற்றவைப்பது எல்லாம் பியூஸுக்குப் பதிலாக ரான்ஸ்போமரை எரிக்கிற வேலை. பியூஸின் உலோக முனையில் எழுதியிருப்பதைப் பார்த்து அதே அம்பியரை வாங்குங்கள். ஆங்கில ‘ரி’ எழுத்து இருந்தால் தாமதமாக ஊதுகிற வகை, ‘எஃப்’ இருந்தால் வேகமாக ஊதுகிற வகை. ரான்ஸ்போமர் உள்ள செட்டில் ‘ரி’ இருக்கவேண்டிய இடத்தில் ‘எஃப்’ போட்டால், பழுதே இல்லாவிட்டாலும் ஓன் பண்ணும் கணத்தில் ஊதிவிடும்.

பியூஸ் மாற்றிய செட்டை நேரே மெயினில் செருகாமல், ஒரு குண்டு பல்ப்பைத் தொடராக வைத்துச் செருகுவது பழைய திருத்துநர்களின் வழி, இன்றைக்கும் அதைவிட நல்ல வழி இல்லை. 60 அல்லது 100 வாற்று இழை பல்ப் வேண்டும், எல்.ஈ.டி. பல்ப் சரிவராது. ஹோல்டரையும் பிளக் பொயின்றையும் ஒரு பலகையில் பூட்டி, ஒரு வயரில் மட்டும் பல்ப் இடையில் வருமாறு இணைத்தால் போதும். செட்டைச் செருகியதும் பல்ப் ஒரு தரம் மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே சோர்ட், ஆனால் பல்ப் சுமையைத் தாங்கிக்கொள்வதால் எதுவும் எரியாது. ஒன்றை மறக்க வேண்டாம்: சில றிசீவர்கள் பல்ப்போடு முழுதாக ஓன் ஆகாது. வோல்ற்றேஜ் குறைகிறது என்று தாங்களாகவே அணைந்துவிடும். அதைப் பழுதென்று எண்ணி எதையும் கழற்றப் போகாதீர்கள்.

சோர்ட் என்று தெரிந்தால் சந்தேகப்பட வேண்டிய வரிசை: வாரிஸ்ரர், பெரிய ரான்ஸ்போமருக்கு அடுத்து, ஏ.சி.யை டி.சி. ஆக்குகிற பிறிஜ் டயோட், பிறகு ஹீற்சிங் என்கிற சூடு தணிக்கும் உலோகத் தகட்டில் பூட்டியிருக்கிற, ஸ்பீக்கரை இயக்குகிற அவுட்புட் ரான்சிஸ்ரர்கள். பியூஸ் நல்லதாக இருந்தும் லைற் வரவில்லையென்றால் சின்ன ரான்ஸ்போமரின் முதல் சுற்றை ஓம் நிலையில் அளந்து பாருங்கள். சில நூறு ஓம் அல்லது அதற்குக் கூட இருக்கலாம். மீற்றர் எதுவுமே காட்டவில்லையென்றால் சுற்று அறுந்துவிட்டது.

லைற் எரிகிறது, பட்டனுக்கு அசைவில்லை

செய்ய எளிதானதில் தொடங்குங்கள். வயரைச் சுவரிலிருந்து கழற்றிப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு எச்.டி.எம்.ஐ., யூ.எஸ்.பி., நெட்வேர்க், ஸ்பீக்கர் என்று பின்னால் உள்ள எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, பவர் வயரை மட்டும் செருகி முன்பக்கப் பட்டனை அழுத்துங்கள். மைக்ரோ தொங்கிப் போயிருந்தால் இதற்கே எழும்பிவிடும். ரி.வி. அணையும்போது றிசீவரையும் அணைக்கிற வசதி எச்.டி.எம்.ஐ. வழியாக வருவதால், “ஓன் ஆனதும் தானாக அணைகிறது” என்கிற முறைப்பாட்டுக்கும் இந்த ஒரு சோதனை பதில் சொல்லிவிடும்.

பட்டனுக்கு ஓன் ஆகிறது, றிமோட்டுக்கு ஆகவில்லையென்றால் செட்டில் பிழையில்லை. றிமோட்டின் முன் முனையைப் போன் கமராவுக்குக் காட்டி ஒரு பட்டனை அழுத்துங்கள். கமராவில் ஊதா நிறத்தில் மின்னினால் றிமோட் உயிரோடு இருக்கிறது. சில போன்களின் பின் கமராவில் தெரியாது, முன் கமராவைப் பாவியுங்கள். மாறாக, றிமோட்டுக்கு ஓன் ஆகிறது, பட்டனுக்கு ஆகவில்லையென்றால் பட்டனுக்குப் பின்னால் உள்ள சிறிய சுவிட்ச் தேய்ந்துவிட்டது. மிக மலிவான சாமான், இரண்டு நிமிட ஈய வேலை. முன் முகப்பைக் கழற்றுவதுதான் அரை நாள்.

இரண்டுக்கும் அசைவில்லையென்றால் றீசெற் செய்து பாருங்கள். முறை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேறு. யமஹாவில் ஸ்ரெயிற் என்கிற பட்டனைப் பிடித்துக்கொண்டே பவரை அழுத்தினால் விசேட மெனு வரும். ஒன்கியோவின் பல மொடல்களில் முதல் இன்புட் பட்டனையும் பவரையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். ஆனால் செட் ஓன் ஆன நிலையில்தான் ஒன்கியோவின் வழி வேலை செய்யும். உங்கள் மொடலின் கையேடு இணையத்தில் கிடைக்கும், அதில் பாருங்கள். றீசெற் செய்தால் நீங்கள் செய்து வைத்த ஸ்பீக்கர் அளவுகள் எல்லாம் அழிந்துவிடும்.

காலையில் பல தரம் அழுத்தினால்தான் எழும்புகிறது

இந்த அறிகுறியைத் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் இதைக் கவனித்தவர் செட்டைச் சாவதற்கு முன்னமே காப்பாற்றிவிடலாம். முதலில் ஒரு தரத்துக்கு இரண்டு தரம் அழுத்தவேண்டி வரும். சில மாதம் கழித்து, பிளக்கைக் கழற்றிப் போட்டால்தான் வரும். பிறகு லைற் மட்டும் எரியும், ஒன்றும் நடக்காது. கடைசியில் லைற்றும் மங்கும். இது கிட்டத்தட்ட எப்போதும் சின்ன சப்ளையின் கப்பாசிற்றர்தான். அது நாள் முழுக்க, வருடம் முழுக்க வேலை செய்கிறது. நீங்கள் பாட்டுக் கேட்கிறீர்களோ இல்லையோ அதற்கு ஓய்வு இல்லை. உள்ளே உள்ள திரவம் சூட்டில் மெல்ல வற்றிக்கொண்டே போகும்.

வெப்பம் 10 பாகை குறைந்தால் இந்த வகைக் கப்பாசிற்றரின் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்பது பொது விதி. அதை மறுபக்கமாகப் பார்த்தால் சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே, கண்ணாடி அலுமாரிக்குள் பூட்டி வைத்த செட்டின் கதி விளங்கும்.

மேல் மூடி தட்டையாக இல்லாமல் வீங்கியிருந்தாலோ, அடியில் மண்ணிறப் பசை கசிந்திருந்தாலோ சந்தேகமே வேண்டாம். ஆனால் சின்னக் கப்பாசிற்றர்கள் வீங்காமலே வற்றிப்போகும். அதனால் மீற்றரால் அளப்பது நல்லது: ஸ்ரான்ட்பை நிலையில், அதாவது பிளக்கில் இருந்தும் ஓன் பண்ணாத நிலையில், 5 வோல்ற் வரவேண்டிய இடத்தில் 4 இற்குக் கிட்ட வந்தால், அல்லது பட்டனை அழுத்தும்போது சட்டென்று விழுந்தால், அந்தப் பகுதியின் கப்பாசிற்றர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். ஒன்றொன்றாக மாற்றிச் சோதிப்பது நேர வீண், எல்லாம் சேர்த்தும் ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு வராது. மைக்ரோ ஃபரட் அதேயளவு, வோல்ற் அதே அல்லது அதற்கு மேல், வெப்பம் 105 பாகை என்று எழுதியது. 85 என்று எழுதியதை இந்த இடத்தில் போடாதீர்கள். பக்கவாட்டில் கோடு உள்ள கால் நெகற்றிவ். மாறிப் பூட்டினால் வெடிக்கும்.

கிளிக் என்கிறது, சில செக்கனில் அணைகிறது

திரும்பத் திரும்ப ஓன் பண்ணிப் பார்க்காதீர்கள். யமஹாவின் பல மொடல்களில் பாதுகாப்புச் சேர்க்கிற் தொடர்ந்து மூன்று தரம் வேலை செய்தால் அதற்குப் பிறகு செட் ஓன் ஆகவே ஆகாது, பட்டனை அழுத்தினால் ஸ்ரான்ட்பை லைற் மட்டும் மின்னும். அந்தப் பூட்டைத் திறக்கத் திருத்துநர் வேண்டும். ஆகவே முதல் தரத்திலேயே நிறுத்திவிட்டு, செட் என்ன சொல்கிறது என்று பாருங்கள். சோனியில் டிஸ்பிளேயில் ‘புறொரெக்ற்’ என்று வரும். யமஹாவில் ஸ்பீக்கர் வயரைப் பார் என்று எழுத்து வரலாம். டெனொன் செட்டுகளில் சிவப்பு லைற் ஏறத்தாழ 2 செக்கனுக்கு ஒரு தரம் மின்னினால் சூடு, அரைச் செக்கனுக்கு ஒரு தரம் வேகமாக மின்னினால் ஸ்பீக்கர் வயர் சோர்ட் அல்லது அம்பிளிபயர் பழுது.

எல்லா ஸ்பீக்கர் வயரையும் செட்டிலிருந்து கழற்றுங்கள். ஒன்று விடாமல், சப்வூஃபரையும் சேர்த்து. இப்போது ஓன் பண்ணுங்கள். செட் அணையாமல் ஓனில் நின்றால் உள்ளே பழுதில்லை, வயரில்தான். பின்பக்கத்தில் சிவப்பு முனையிலிருந்து ஒரே ஒரு மெல்லிய செப்பு இழை வெளியே நீட்டிப் பக்கத்து முனையைத் தொட்டாலும் போதும், செட் அணைந்துவிடும். வயர் நுனியைத் திருகி, முடிந்தால் ஈயம் பூசிப் பூட்டுங்கள். சுவருக்குள் பூசிய வயர், கதவிடுக்கில் நசிந்த வயர், ஆணி அடித்த வயர் எல்லாவற்றையும் மீற்றரில் அளவுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் மீற்றரில் ஏறத்தாழ 6 ஓம் காட்டும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 ஓமைச் சுற்றிக் காட்டும். ஒரு ஓமுக்குக் கீழே வந்தால் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வயரெல்லாம் கழற்றியும் அணைகிறதென்றால் பெரும்பாலும் அவுட்புட் ரான்சிஸ்ரர் சோர்ட். கலியாண வீட்டுக்கோ சாமத்தியச் சடங்குக்கோ வீட்டு றிசீவரைக் கொண்டுபோய், ஒரே முனையில் நாலு ஸ்பீக்கரைக் கொழுவி முழுச் சத்தத்தில் விட்ட செட்டுகளுக்கு இது வழக்கமான முடிவு. மூடியைக் கழற்றி, கப்பாசிற்றரை வெறுமையாக்கிவிட்டு, மீற்றரை டயோட் நிலையில் வைத்து ஒவ்வொரு ரான்சிஸ்ரரின் நடுக் காலுக்கும் ஓரக் காலுக்கும் இடையே அளவுங்கள். பக்கத்துச் சனலோடு ஒப்பிட்டால் வித்தியாசம் உடனே தெரியும். பூச்சியம் காட்டுகிறதுதான் குற்றவாளி. அதை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தக்கூடாது. அதன் சோடி, அவற்றோடு உள்ள 0.22 ஓம் போன்ற சின்ன றெசிஸ்ரர்கள், அவற்றை இயக்குகிற சிறிய ரான்சிஸ்ரர்கள் எல்லாம் பார்க்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் புதியதும் முதல் ஓனிலேயே போய்விடும். சந்தையில் போலி அவுட்புட் ரான்சிஸ்ரர்கள் தாராளம். எழுத்து அழகாக அச்சடித்திருக்கும், உள்ளே சின்னச் சில்லுத்தான் இருக்கும். விலை நம்ப முடியாத அளவு குறைவென்றால் வாங்காதீர்கள். பழைய உடைந்த செட்டில் கழற்றிய அசல் சாமான் அதைவிட மேல்.

அரை மணித்தியாலம் பாடிவிட்டு அணைகிற செட்டுக்கு இவ்வளவு தேவையில்லை. சோளகக் காற்றுக் காலத்துப் புழுதி ஹீற்சிங்கை மூடியிருக்கும், அல்லது மேலே டி.வி.டி. பிளேயரையும் துணியையும் பூச்சாடியையும் வைத்திருப்பீர்கள். மேல் பக்கத்தில் ஒரு சாண் இடம் விட்டு, தூசியைத் தூரிகையால் தட்டி எடுங்கள். உள்ளே பல்லி முட்டையும் எறும்பும் இருக்கும். பல்லி மெயின் பலகையில் குறுக்கே விழுந்து செத்துப் பியூஸ் ஊதிய செட்டுகளும் உண்டு.

செருகியதும் வீடே இருள்கிறது

எது விழுந்தது என்று பாருங்கள். அந்தப் பக்கத்துப் பிறேக்கர் மட்டும் விழுந்தால் சோர்ட், மேலே சொன்ன பல்ப் சோதனைக்குப் போகலாம். மெயின் றிப் சுவிட்ச் விழுந்தால் எர்த்துக்குக் கரண்ட் கசிகிறது. வீடுகளில் அது பெரும்பாலும் 30 மில்லி அம்பியரில் விழுகிற வகை. எலி கடித்த வயர், கடற்கரைப் பக்கத்து வீடுகளில் உப்புக் காற்றால் ஈரம் பிடித்த பலகை ஆகியவை காரணமாகலாம். எர்த் வயரை வெட்டிவிட்டால் விழாது என்று ஆலோசனை சொல்கிறவர்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்வது உண்மைதான், விழாது. அதன் பிறகு செட்டின் தகரத்தைத் தொடுகிறவர்தான் எர்த்.

இடி, கரண்ட் வெட்டு, இன்வேற்றர்

ஐப்பசி கார்த்திகை இடிக்குப் பிறகு போன செட்டுக்குப் பவர் பக்கத்தை மட்டும் பார்ப்பது போதாது. மின்னல் அன்ரனா வயர், கேபிள், றூட்டரிலிருந்து வருகிற நெட்வேர்க் வயர், ரி.வி.யிலிருந்து வருகிற எச்.டி.எம்.ஐ. ஆகிய வழிகளாலும் வரும். அப்படி வந்திருந்தால் டிஜிற்றல் பலகையே போயிருக்கும், றிசீவர் லைற்றோடு நின்று எதற்கும் அசையாது. அந்தப் பலகை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை செட்டின் பெறுமதிக்குக் கிட்ட வரும்.

காற்றுக்குத் தென்னை மட்டையோ பனையோலையோ லைனில் விழுந்து நியூற்றல் அறுந்தால், சில வீடுகளுக்கு 230 இற்குப் பதிலாக 400 வோல்ற்றுக்குக் கிட்ட வந்துவிடும். பக்கத்து வீட்டு ரி.வி.யும் பிறிட்ஜும் அதே நேரம் போயிருந்தால் நடந்தது இதுதான். எப்போதும் விழித்திருக்கிற சின்ன சப்ளைதான் முதல் பலி. வாரிஸ்ரர், பியூஸ், சின்ன ரான்ஸ்போமர் என்கிற வரிசையில் பாருங்கள், பெரும்பாலும் திருத்திவிடலாம்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டின காலத்துக்குப் பிறகு இன்வேற்றர் பூட்டிய வீடுகள் கூடிவிட்டன. மலிவான இன்வேற்றர் தருவது நல்ல சைன் அலை அல்ல, படிக்கட்டு மாதிரி வெட்டிய அலை. அதில் பெரிய ரான்ஸ்போமர் உள்ள றிசீவர் இரையும், சூடாகும், சிலது கிளிக் என்று எழும்பி உடனே அணையும். மெயின் கரண்டில் ஒழுங்காக ஓன் ஆகிறதென்றால் செட்டில் குறையில்லை, இன்வேற்றரில் அதைப் பாவிக்காமல் விட்டுவிடுங்கள். கரண்ட் போனால் பிளக்கைக் கழற்றுங்கள், வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். திடீரென்று கூடுகிற வோல்ற்றேஜைத் தடுக்கிற சேர்ஜ் காட் வாங்குகிற காசைவிட இந்தப் பழக்கம் பெரிய காவல்.

கடைக்குக் கொடுப்பதானால்

றிமோட்டையும் கூடவே கொண்டுபோங்கள், ஸ்பீக்கர் தேவையில்லை. ஒரு துண்டுத் தாளில் எழுதி மேலே ஒட்டுங்கள்: எந்த நாட்டுச் செட், பின்னால் எழுதியிருக்கிற வோல்ற் எவ்வளவு, லைற் எரிகிறதா, எத்தனை கிளிக், என்ன நடந்த பிறகு போனது, நீங்கள் எதையெல்லாம் கழற்றினீர்கள். “ஒன்றும் செய்யவில்லை” என்று மட்டும் எழுத வேண்டாம், திருகாணிகளைப் பார்த்தாலே திருத்துகிறவருக்குத் தெரிந்துவிடும். விலையை முதலில் கேளுங்கள், மாற்றின பழைய சாமான்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். எச்.டி.எம்.ஐ. பலகை மட்டும் போய், அம்பிளிபயர் நல்லதாக இருக்கிற செட் ஓன் ஆகுமென்றால் அதை வீசவேண்டாம். அனலொக் இன்புட் வேலை செய்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள், செய்தால் இரண்டு ஸ்பீக்கரைப் பூட்டி முன் விறாந்தையில் வைத்துப் பாட்டுக் கேட்கலாம்.